விஆர்6 என்ஜினுக்கு அலுமினியம் கூலன்ட் பைப்: எதைப் பார்த்து வாங்குவது

ஃபோக்ஸ்வாகனின் ஆறு சிலிண்டர், 12 வால்வு விஆர்6 என்ஜின் 1991இல் வந்தது. பஸ்ஸாட், கொராடோ, மூன்றாம் தலைமுறை கோல்ஃப் ஆகியவற்றில் ஓடிய இந்த என்ஜின் இன்றைக்கும் சளைக்காமல் இழுக்கும். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், டைமிங் செயின் உண்டு, பெல்ட் தொல்லை இல்லை. இவ்வளவு திடமான என்ஜினை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கையும் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு இருக்கும் கூடு) மறுகோடியில் இருக்கும் வாட்டர் பம்ப் பக்கத்தையும் இணைத்தபடி, என்ஜினின் முன்புறம் நெடுக ஓடுகிற கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பைப் அது. உடைகிற புகழால் இந்தக் கார்க்காரர்கள் மத்தியில் அதற்கு ‘கிராக் பைப்’ என்றே பெயர்.

இதற்கு மாற்றாக அலுமினியத்தில் செய்த பைப்புகள் பல பெயர்களில் விற்கின்றன. அவற்றையும், பழைய வடிவத்திலேயே வரும் பிளாஸ்டிக் பைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காரை நெடுநாள் வைத்திருக்கப் போகிறவருக்கு நன்றாகக் கடைந்த அலுமினியம் பைப்தான் சரி. மோசமாகக் கடைந்த அலுமினியத்தைவிடத் தரமான பிளாஸ்டிக் எவ்வளவோ மேல். இரண்டையும் பிரிப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் அடைப்பு வளையம் உட்காரும் அந்த இரண்டு முனைகள். நடுக்குழாயைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

பிளாஸ்டிக் ஏன் உடைகிறது

என்ஜினைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் கூலன்ட் பாகங்கள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். புதிதாக இருக்கும்போது அது உறுதியானது, துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் சூடான தண்ணீரும், கூலன்டில் அதோடு கலந்திருக்கும் கிளைகாலும் ஆண்டுக்கணக்கில் அதன் மேல் ஓடும்போது நைலானின் சங்கிலிகள் மெல்ல அறுபடுகின்றன. வெளியே பார்த்தால் மாற்றம் தெரியாது. கையால் தட்டினால் சத்தம் மாறியிருக்கும்: புதிய பைப் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும், முதிர்ந்த பைப் ஓடு போல ‘டக்’ என்று சொல்லும். அந்த நிலைக்கு வந்த பைப்பை அசைத்தாலே ஓ-ரிங் பள்ளம் வெட்டிய கழுத்தில் விரிசல் விழும். சுவரின் தடிமன் அங்கேதான் மிகக் குறைவு.

அதனால்தான் ‘தெர்மோஸ்டாட் மாற்றினேன், மறுநாள் பைப் உடைந்தது’ என்ற புலம்பல் இந்த என்ஜினில் அடிக்கடி கேட்கும். தெர்மோஸ்டாட் மாற்ற ஹவுசிங்கை இழுத்தால் பைப்பும் சேர்ந்து அசையும். பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்து காய்ந்த கழுத்து அந்த அசைவைத் தாங்காது. ஹவுசிங்கைக் கழற்றப் போகிறோம் என்றாலே புதுப் பைப் கையில் இருக்க வேண்டும். வேலையில் பாதி இரண்டுக்கும் பொது.

கசிவு தொடங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திய பத்து நிமிடத்தில் கியர்பாக்ஸ் பக்கம் சொட்டும். என்ஜின் நின்றதும் கூலன்ட் ஓட்டம் நின்று, பிளாக்கில் இருக்கும் சூடு கூலன்டில் ஏறி, அழுத்தம் சற்று உயரும். மெல்லிய விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும். பானெட்டைத் திறந்தால் இனிப்பான வாடை, ஹவுசிங்குக்குக் கீழே காய்ந்த இளஞ்சிவப்பு அல்லது பச்சைப் படிவு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பைப்பின் இரு முனையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஓட்டக் கூடாது. இந்த என்ஜினில் சென்சார்கள் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில்தான் இருக்கின்றன. பைப் முழுதாக உடைந்து கூலன்ட் வடிந்துவிட்டால் சென்சாரின் மூக்கு வெறும் காற்றில் நிற்கும். முள் ஏறாமல் நிற்கலாம், இறங்கக்கூடச் செய்யலாம். ஹீட்டர் திடீரென்று குளிர்ந்த காற்றை ஊதினால் கூலன்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே என்ஜினை அணைக்க வேண்டும். இன்னும் கொஞ்சதூரம் போய்விடலாம் என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஒரு சின்னக் குழாயின் வேலை ஹெட் கேஸ்கெட் வேலையாகிவிடும்.

அலுமினியம் பைப்பைக் கையில் எடுத்ததும்

கண்ணுக்கு அழகாகப் பளபளக்கும் பைப்பாகத்தான் எல்லாமே வரும். வெர்னியர் காலிப்பரை எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் முனையின் வெளிவிட்டம். ஒரே முனையை மூன்று கோணத்தில் அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லது. பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் அந்த முனை வட்டமாக இல்லை என்று பொருள். இதற்குக் காரணம் பெரும்பாலும் வெல்டிங். கிளைக்குழாயையும் போல்ட் மாட்டும் காதையும் பற்றவைக்கும் சூட்டில் பக்கத்து முனை நெளிகிறது. நல்ல தயாரிப்பாளர் வெல்டிங் முடிந்த பிறகுதான் முனையை லேத்தில் கடைவார். அவசரமாகச் செய்பவர் கடைந்த முனையை வைத்துக்கொண்டு பிறகு பற்றவைப்பார். கடைந்த தடம் வெல்டிங்கின் நிறமாற்றத்துக்கு மேலே புதிதாக ஓடுகிறதா, அல்லது நிறமாற்றம் கடைந்த தடத்தின் மேல் படிந்திருக்கிறதா என்று பார்த்தாலே எது முதலில் நடந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ஓ-ரிங் பள்ளம். ஓ-ரிங் தன் குறுக்கு விட்டத்தில் ஏறத்தாழ 15 முதல் 25 சதவீதம் வரை நசுங்கினால்தான் நன்றாக அடைக்கும். பள்ளம் ஆழமாகிவிட்டால் நசுக்கு குறைந்து, குளிர்ந்த என்ஜினில் சொட்டும், சூடேறியதும் நிற்கும். மேலோட்டமாக இருந்தால் செருகும்போதே ஓ-ரிங் அறுபடும். பழைய பைப்பில் உடையாத முனை ஒன்று இருந்தால் அதன் பள்ளத்தையும் புதியதையும் அளந்து ஒப்பிடுங்கள். பள்ளத்தின் அடிப்பகுதி நகத்தால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். கடைசல் வரி நகத்தில் தட்டுப்பட்டால் கசியும். முனையின் வாயில் சாய்வாகச் சீவிய விளிம்பு அவசியம். அது இல்லாமல் கூர்விளிம்போடு வரும் பைப்பை அப்படியே செருகக் கூடாது.

பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் அடித்து வரும் பைப்புகளில் ஒரு கூடுதல் தொல்லை. பள்ளத்துக்குள்ளும் பெயின்ட் போயிருக்கும். ஓ-ரிங்குக்கு அடியில் இருக்கும் பெயின்ட் சூட்டில் உரிந்து, அந்த இடைவெளியில் கூலன்ட் வழி தேடும். அனோடைஸ் செய்தது வேறு. அது உலோகத்தோடு ஒன்றிய கடினமான மேல்தோல், உரியாது. அனோடைஸ் செய்ததையோ கோட்டிங்கே இல்லாததையோ எடுப்பதுதான் உத்தமம்.

வெல்டிங்கில் ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைகளில் ஒரு பழைய முறை உண்டு. ஓ-ரிங்குகளைக் கழற்றிவிட்டு, வெல்டிங்கின் வெளிப்புறத்தில் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். காய்ந்து வெள்ளையானதும் உட்புறத்தில் மண்ணெண்ணெய் தடவிப் பத்து, இருபது நிமிடம் விடுங்கள். துளை இருந்தால் வெள்ளைப் பூச்சில் ஈரப் புள்ளி ஒன்று கறுத்து விரியும். தண்ணீர் நுழையாத துளையில்கூட மண்ணெண்ணெய் நுழைந்துவிடும் என்பதால் இது நம்பகமான சோதனை. பிறகு சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவியே ஆக வேண்டும்; மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் ஓ-ரிங் ஊதிப்போகும். கழுவும்போது உள்ளே இருக்கும் அலுமினியப் பிசிரும் துருவலும் வெளியே வரும். அந்தத் துருவலோடு பைப்பை மாட்டினால் அது நேராகப் பம்பின் சீலுக்குத்தான் போகும்.

ஹோஸ் மாட்டும் கிளைக்குழாயில் வெளிப்பக்கம் மேடான வளையம் இருக்க வேண்டும். வழவழப்பான நேர்க்குழாயாக விட்டிருந்தால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் ஹோஸ் மெல்ல நழுவும். இந்தப் பைப்பில் ஒரு கிளை, என்ஜினை அணைத்த பிறகும் கூலன்டைச் சுற்றவிடும் சின்ன மின்சாரப் பம்புக்குப் போகிறது. அந்தக் கிளையே இல்லாமல் வரும் அலுமினியம் பைப்புகளும் சந்தையில் உண்டு. அதை வாங்கினால் அந்தப் பம்பைக் கழற்றி, ஹோஸை அடைக்க வேண்டியிருக்கும். சூடான என்ஜினை அணைத்ததும் ஹெட்டில் தேங்கும் சூட்டை இறக்குவதற்காகவே வைத்த பம்பைச் செலவு குறைக்க எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கிளை உள்ள பைப்பையே வாங்குங்கள்.

போல்ட் மாட்டும் காது சரியான இடத்தில் இல்லாத பைப்புகளும் வருகின்றன. பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அலுமினியம் கொடுக்காது. போல்ட்டை இழுத்து முறுக்கினால் பைப் சாய்ந்து நின்று, ஓ-ரிங் ஒருபக்கம் அதிகமும் மறுபக்கம் குறைவுமாக நசுங்கும். வட்டத் துளையை அரத்தால் நீள்துளையாக்கி, காது தன்போக்கில் உட்காரும்படி செய்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும்.

பெட்டியில் வரும் ஓ-ரிங்குகளை நம்ப வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கூலன்டுக்கு ஏற்றது இபிடிஎம் ரப்பர். விலை குறைந்த கிட்டுகளில் நைட்ரைல் ரப்பர் வைத்துவிடுகிறார்கள். அது எண்ணெய்க்கு நல்லது, சூடான கூலன்டில் இறுகிக் கல்லாகிவிடும். இரண்டும் கறுப்பாகவே இருப்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. கார் கம்பெனியின் ஓ-ரிங்கோ, இபிடிஎம் என்று எழுதி விற்கும் அதே அளவு ஓ-ரிங்கோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பைப்பின் பக்கம் நியாயம்

பிளாஸ்டிக் என்றாலே ஒதுக்கிவிடக் கூடாது. முதல் பைப்பே பத்து ஆண்டுக்கு மேல் தாங்கிய கார்கள் நிறைய. அச்சிலிருந்து வரும் வடிவம் என்பதால் காது, கிளை எல்லாம் சரியான இடத்தில் இருக்கும், மாட்டுவது சுலபம். துருப்பிடிப்பதே இல்லை. கூலன்டைக் காலத்தில் மாற்றாமல், குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவருக்கு அலுமினியம் பைப் சில ஆண்டுகளில் குழிகுழியாக அரிக்கும். கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு தீர்ந்துபோனால், தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாதவருக்குப் பிளாஸ்டிக்தான் பாதுகாப்பு.

பிளாஸ்டிக் வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே. அச்சு இரண்டாகப் பிரியும் கோடு ஓ-ரிங் உட்காரும் இடத்தில் மேடாக ஓடக் கூடாது. நகத்தில் தட்டுப்படும் கோடு ஓ-ரிங்குக்கு அடியில் ஒரு கால்வாயை உண்டாக்கும். பைப்பின் மேல் அச்சிட்ட வட்டத்துக்குள் தயாரித்த ஆண்டும் மாதத்தைக் காட்டும் அம்பும் இருந்தால் படித்துப் பாருங்கள். கிடங்கில் வெயில் படாமல் கிடந்த பைப் வீணாகிவிடாது, ஆனால் அதோடு வந்த ஓ-ரிங் பழசாகியிருக்கும்.

எவர்சில்வர் பைப்புகளும் கிடைக்கின்றன. அரிப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் கடைவது கடினம் என்பதால் பள்ளத்தின் வழுவழுப்பில் அலட்சியம் காட்டிவிடுகிறார்கள். அலுமினியத்துக்குச் சொன்ன அதே அளவுகோலால் பார்த்தால் பல தேறுவதில்லை.

உலோகம் சூட்டில் நீளுமே, ஓ-ரிங் தாங்குமா என்று சிலர் கேட்கிறார்கள். 50 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். பக்கத்தில் இருக்கும் வார்ப்பிரும்பு அதே நீளத்துக்கு 0.4 மில்லிமீட்டர் நீளும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர். இரு முனையும் ஓ-ரிங்கில் வழுக்கும்படி செருகியிருப்பதால் அந்த அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. பைப்பை அசையவிடாமல் காதையும் இறுக்கி, முனையில் சிலிக்கான் சீலன்டும் பூசி ஒட்டிவிட்டால்தான் சிக்கல். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் சீலன்ட் வேண்டவே வேண்டாம்.

கழற்றுவதும் மாட்டுவதும்

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கிளைகாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும்; மூடிக்குள் அழுத்தத்தோடு இருக்கும்போது 120 டிகிரியிலும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

ரேடியேட்டரின் கீழ் ஹோஸைக் கழற்றி அகலமான தொட்டியில் வடியுங்கள். கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய் குடித்துவிடும், பூனையும் குடிக்கலாம்; குடித்தால் உயிருக்கே ஆபத்து. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு நகராதீர்கள். காற்றுக்குழாயை எடுத்து, இடத்தை மறைக்கும் காயில் பேக் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருந்தால் அதையும் நகர்த்தினால் ஹவுசிங் கைக்கு வரும். சென்சார் பிளக்குகள் ஒவ்வொன்றும் எந்த இடம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிளக்கின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் விரலால் அழுத்தி எடுங்கள், இல்லாவிட்டால் உடையும்.

ஹவுசிங்கின் போல்ட்டுகளை எடுத்து, பைப்பின் காதில் உள்ள போல்ட்டையும் எடுத்து, மின்சாரப் பம்புக்குப் போகும் ஹோஸையும் கழற்றிய பிறகு பைப்பைச் சுழற்றியபடி அதன் நீளவாக்கில் இழுக்க வேண்டும். மேலே கீழே ஆட்டினால் கழுத்து உடையும். எவ்வளவு கவனமாக இழுத்தாலும் பலநேரம் பம்ப் பக்கத்து முனை உடைந்து துளைக்குள் தங்கிவிடும். இந்த வேலையில் நேரம் தின்பது இந்த ஒரு கட்டம்தான், இங்கே அவசரப்பட்டவர்கள்தான் மறுபடி மறுபடி கழற்றுகிறார்கள்.

முதலில் துளையின் உள்பக்கம் நூல் கட்டிய துணிச் சுருளை வைத்து அடைத்துவிடுங்கள். துண்டுகள் உள்ளே போகாது, நூலைப் பிடித்து இழுத்தால் துணி வந்துவிடும். பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சூடாக்கி, உடைந்த வளையத்தின் சுவரில் உருக்கிச் செருகி, ஆறவிட்டு இழுத்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். வராவிட்டால் ஹேக்சா பிளேடை கையில் பிடித்து வளையத்தின் உட்புறமிருந்து நீளவாக்கில் மெதுவாக அறுங்கள். உலோகம் வரை அறுக்கக் கூடாது. முக்கால்வாசி அறுத்ததும் கொக்கியால் உட்பக்கம் மடக்கினால் வளையம் நொறுங்கி வரும். எத்தனை துண்டு வந்தது என்று பழைய பைப்போடு சேர்த்துவைத்துப் பாருங்கள். குறைகிற துண்டு எங்கோ உள்ளே இருக்கிறது. வாக்குவம் வைத்து உறிஞ்சியும் வராவிட்டால், ஹீட்டர் ஹோஸையும் ரேடியேட்டரையும் எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். நைலான் துணுக்கு தெர்மோஸ்டாட்டின் வாயில் சிக்கினால் அது மூடாமல் நின்றுவிடும்.

துளையின் உட்சுவரில் படிந்த உப்பையும் அரிப்பையும் 600 நம்பர் தண்ணீர் எமரித் தாளால் விரலை வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் நீளவாக்கில் கீறல் விழும். ஓ-ரிங்கைக் குறுக்கே கடந்து செல்லும் அந்தக் கீறல் வழியாகத்தான் கூலன்ட் வெளியே வரும். வட்டமாக விழும் மெல்லிய கீறல் ஒன்றும் செய்யாது. தேய்த்து முடித்து, ஈரத்துணியால் துடைத்து, கடைசியாகத் துணிச்சுருளை வெளியே எடுங்கள்.

ஓ-ரிங்கைக் கூலன்டிலேயே நனைத்துச் செருகலாம், அல்லது சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். சாதாரண கிரீஸ், வாஸ்லின், என்ஜின் ஆயில் எதுவும் இபிடிஎம் ரப்பரில் படக் கூடாது, ஊதி மென்மையாகிவிடும். பம்ப் பக்கத்து முனையை முதலில் செருகுங்கள். நேராகப் பிடித்து, லேசாகச் சுழற்றியபடி தள்ளினால் முதலில் இறுக்கமும் பிறகு சீரான வழுக்கலும் கைக்குத் தெரியும். இறுக்கம் சட்டென்று விட்டுப்போனால் ஓ-ரிங் அறுந்திருக்கிறது. வெளியே எடுத்துப் பாருங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

பிறகு ஹவுசிங்கை மறுமுனையில் செருகி, ஹெட்டில் உட்காரவைத்து, எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் முறுக்குங்கள். ஹவுசிங் போல்ட்டுகளை இரண்டு மூன்று சுற்றில் மாற்றி மாற்றி இறுக்கி, எம்6 அளவு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் ஹவுசிங்கின் காது அதற்கு மேல் தாங்காது. பைப்பின் காதில் உள்ள போல்ட் கடைசி. அலுமினியம் பைப் வாங்கிவிட்டுப் பழைய பிளாஸ்டிக் ஹவுசிங்கையே திரும்ப மாட்டுவது வீண் வேலை. இரண்டுக்கும் ஒரே வயது, அடுத்து உடைவது ஹவுசிங்தான். புது ஹவுசிங், தெர்மோஸ்டாட், ஹெட்டோடு சேரும் இடத்து சீல், சென்சார்களின் ஓ-ரிங் எல்லாவற்றையும் ஒரே கையோடு மாற்றிவிடுங்கள்.

ஹோஸ்களுக்குக் கம்பெனியின் ஸ்ப்ரிங் கிளாம்பையே திரும்பப் போடுவது நல்லது. ஸ்க்ரூ வைத்த கிளாம்ப் சூட்டில் ரப்பர் நசுங்கியதும் தளர்ந்துவிடும், பிளாஸ்டிக் கழுத்தை நசுக்கவும் செய்யும். ஸ்ப்ரிங் கிளாம்ப் தானாகவே பின்தொடர்ந்து இறுக்கும்.

கூலன்ட் ஊற்றுவது

அந்தக் காலத்து ஃபோக்ஸ்வாகன் கார்களில் முதலில் நீலப்பச்சை ஜி11 கூலன்ட் இருந்தது, பிறகு சிவப்பு ஜி12 வந்தது. இரண்டையும் கலந்தால் பழுப்புச் சேறு போலாகி ஹீட்டர் கோரை (காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) அடைக்கும். தொட்டியில் இருப்பது என்னவென்று தெரியாவிட்டால், தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிவிட்டு, அடர் கூலன்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து புதிதாக ஊற்றுங்கள். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. குளிர் இல்லாத ஊரிலும் பாதிக்குப் பாதி என்ற அளவைக் குறைக்க வேண்டாம், அரிப்புத் தடுப்பு அந்த அளவில்தான் வேலை செய்கிறது.

மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் பிசைந்து காற்றை வெளியேற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். கீழ் ஹோஸ் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. ஹீட்டரில் சூடான காற்று சீராக வராவிட்டால் இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அழுத்தச் சோதனைப் பம்ப் கிடைத்தால், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிக் கால்மணி நேரம் விடுங்கள். முள் இறங்காவிட்டால் இரு முனையும் சரி. மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி, இரு முனைக்கும் கீழே காகிதத் துண்டு வைத்து ஒருமுறை பாருங்கள். குளிரில் மட்டும் ஒரு சொட்டு விழுந்தால் ஓ-ரிங் பள்ளத்தின் ஆழத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உடைந்த பைப்பில் எபாக்சி பூசி ஓட்டுவது, லீக் அடைக்கும் மருந்து ஊற்றுவது இரண்டையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கிளைகாலில் ஊறிய நைலானில் எபாக்சி பிடிக்காது. மருந்து, விரிசலை அடைக்கும் முன்பே ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

மற்ற என்ஜின்களில்

இதே கணக்கு வேறு கார்களுக்கும் பொருந்தும். பிஎம்டபிள்யூவின் எம்54 ஆறு சிலிண்டர் என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கூலன்ட் பைப்புகள் உண்டு. வேறு எதற்காவது மேனிஃபோல்டைக் கழற்றினால் அவற்றையும் மாற்றிவிட வேண்டும். போர்ஷே கயென்னின் முதல் தலைமுறை வி8இல் பிளாஸ்டிக் பைப்புகள் இரு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஓடுகின்றன, ஸ்டார்ட்டர் மோட்டார் அவற்றுக்குக் கீழே. உடைந்தால் கூலன்ட் நேராக ஸ்டார்ட்டரில் இறங்கும். அதற்கு போர்ஷேயே பின்னர் அலுமினியம் பைப் கிட் கொடுத்தது.

பிஎம்டபிள்யூவின் என்62 வி8 இன்னும் தெளிவான சாட்சி. அதன் நடுவே ஓடும் கூலன்ட் பைப் முதலிலிருந்தே உலோகம். ஆனாலும் கசிகிறது, ஏனென்றால் முனையில் ஒட்டிய ரப்பர் சீல் காய்ந்து சுருங்கிவிடுகிறது. அதற்கு வெளிச் சந்தையில் வரும் மாற்றுப் பைப் நீண்டு சுருங்கும் வகை. சுருக்கி உள்ளே வைத்து, இருபக்கமும் விரித்து, புது ஓ-ரிங்குகளால் அடைக்கும்படி செய்திருக்கிறார்கள். டைமிங் கவர்களைப் பிரிக்கும் பெரிய வேலை இதனால் மிச்சமாகிறது. அதை வாங்குகிறவரும் குழாயின் பளபளப்பைப் பார்க்காமல் முனையின் வட்டத்தையும் ஓ-ரிங் எந்த ரப்பர் என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.